மெலோடிராமா: தமிழில் எப்படிச் சொல்வது?

சென்னையில் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘ஒரே மெலோடிராமா’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்குமேல் தொடரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் ஆகிவிடும். ஆனால் இந்தச் சொல் வசையாகப் பிறந்ததல்ல.

கிரேக்கத்தில் ‘மெலோஸ்’ என்றால் பாட்டு, இசை. அதோடு நாடகத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் சேர்ந்தது. 1770இல் லியோன் நகரில் மேடையேறிய தத்துவஞானி ரூசோவின் ‘பிக்மாலியன்’ நாடகம் இதன் முன்னோடி. நடிகர் பேசி நிறுத்துவார். வாய் அடைத்துப்போன அந்த இடத்தில் இசை பேசும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்லவர், கெட்டவர், துன்புறும் பெண் என்ற கதையமைப்பு இதோடு ஒட்டிக்கொண்டது.

இன்றைய இரவுத் தொடரைக் கவனியுங்கள். மாமியார் ஒரு சொல் வீசுகிறார். பின்னணி இசையில் ஓர் அடி விழுகிறது, குளோசப்பில் மருமகள். மறுபடி ஓர் அடி, கணவன். இன்னொன்று, சீர்த்தட்டோடு வாசலில் நிற்கும் அப்பா. யாரும் வாய் திறப்பதில்லை. அந்த அவமானம் யார் யாரைத் தொட்டது என்பதை இசையும் முகங்களுமே சொல்லிவிடுகின்றன. சொல்லின் மூலப்பொருள் இங்கே அப்படியே உயிரோடு இருக்கிறது.

தமிழில் ‘மிகை நாடகம்’, ‘மிகையுணர்ச்சி நாடகம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வகைமையின் பெயரிலேயே ‘மிகை’ என்று தீர்ப்பெழுதிவிட்டால் பிறகு ஆராய என்ன இருக்கிறது? ‘இசை நாடகம்’ மூலத்துக்கு நெருக்கம்தான். ஆனால் அது சங்கரதாஸ் சுவாமிகளின் மேடை மரபுக்கு நிலைத்துவிட்ட பெயர்.

‘உணர்ச்சி நாடகம்’ என்பதே பொருந்தும். உணர்ச்சியை அலசுவதற்குத் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் மெய்யில் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியலும் கைகொடுக்கும். அழுகை பிறக்கும் காரணங்களை அது நான்காக வகுக்கிறது: பிறரால் இகழப்படும் இளிவு, உற்றாரையும் உடைமையையும் பறிகொடுக்கும் இழவு, முன்பிருந்த நிலையிலிருந்து தாழும் அசைவு, வறுமை. ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கதையான ‘மெட்டி ஒலி’ தொடர் தமிழ்நாட்டையே அழவைத்தது. அந்தக் கண்ணீரில் பெரும்பங்கு இளிவிலிருந்து வந்தது என்பேன். சம்பந்தி வீட்டில் பெண்ணைப் பெற்றவர் கூனிக் குறுகுவது பார்ப்பவர்களின் வீட்டிலும் நடந்த கதை. அதை மிகை என்று யார் சொல்வது?

பெண்களின் சித்திரிப்பு பற்றிய கேள்வியையும் இங்கிருந்தே கேட்கலாம். இளிவைச் சுமப்பவள் பெண். அதைச் சுமத்துபவளாகவும் பட்டுப்புடவையும் நகையுமாக இன்னொரு பெண்ணையே பல தொடர்கள் நிறுத்துகின்றன. சீர் கேட்க வைத்த வழக்கமும் அதில் ஆதாயம் பெறும் ஆண்களும் சட்டகத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்தத் தொடர்களின் உண்மையான குறை இதுதான். அழுகையின் அளவைக் குறை சொல்வதில் பயனில்லை.