பிரேக் ஆயில் மாற்றாதவருக்கு ரேஸ் எதற்கு?

போன வாரம் இரவு பத்து மணிக்கு ஒரு போன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில், பர்லியாருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கார் மண்மேட்டில் மூக்கைக் குத்தி நிற்கிறது, ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். ஓட்டிய பையனுக்கு 24 வயது. உதடு கிழிந்ததோடு தப்பித்தான். மறுபக்கம் ஒதுங்கியிருந்தால் பள்ளம்.

"மிதிச்சேன், பெடல் அப்படியே உள்ள போயிருச்சுங்ணா" என்றான்.

மறுநாள் ஷெட்டில் வண்டியை லிப்டில் ஏற்றிப் பார்த்தேன். டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர். இசியூ ரீமேப் ஆகியிருக்கிறது, அதாவது இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரின் சாப்ட்வேரை மாற்றிச் சக்தியை ஏற்றியிருக்கிறார்கள். கம்பெனி சைலன்சர் போய், ஊரையே எழுப்பும் ஒரு குழாய் வந்திருக்கிறது. நான்கு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்று கட்டர் வைத்து அறுத்து வண்டியைத் தாழ்த்தியிருக்கிறார்கள். 18 அங்குல அலாய் வீல். முன் சீட்டுக்குப் பின்னால் ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய தண்ணீர் பைப்பில், வளைத்து, சிவப்பு பெயின்ட் அடித்த ஒரு கூண்டு. எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ஆனதாகச் சொன்னான். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தேன். டிகாக்‌ஷன்! நான்கு வருஷமாக மாற்றவே இல்லை. அதை மாற்ற ஆகும் செலவு, அவன் சைலன்சரின் முனைக்குப் போட்ட குரோம் வளையத்தைவிடக் குறைவு.

இந்த வருஷத்தில் எனக்கு இது மூன்றாவது. முதல் இருவரிடமும் பொறுமையாகப் பேசினேன். இப்போது எழுதுகிறேன்.

இருபத்தைந்து வருஷமாகக் கோயம்புத்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வாரநாளில் ஊர் வண்டிகள், வாரக்கடைசியில் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓடும் பையன்களின் வண்டிகள். ரேஸ் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. பிரேக்கைத் தொடாமல் இஞ்சினை மட்டும் ஏற்றிவிட்டு அதற்கு ரேஸ் கார் என்று பெயர் வைப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பையன்களை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை. இப்போது வருகிற கார்களே அப்படித்தான் பழக்குகின்றன. பானட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. சில மாடல்களில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியே கிடையாது, திரையில் பார்த்துக்கொள் என்கிறார்கள். கியர் பாக்ஸ் ஆயில் 'ஆயுளுக்கும் போதும்' என்கிறார்கள். யாருடைய ஆயுள் என்று சொல்வதில்லை. ஹெட்லைட் பல்பு போனால் பம்பரைக் கழற்ற வேண்டிய வண்டிகள் என் ஷெட்டுக்கே வருகின்றன. ஸ்டெப்னிக்குப் பதில் ஒரு பசை டப்பாவும் குட்டிக் கம்ப்ரஸரும். நம் ஊர் வேகத்தடைக்கும் குழிக்கும் நடுவே 18 அங்குல வீலில் ரப்பர் பட்டை மாதிரி ஒரு டயர். ஏசியைக் குறைக்கச் சாலையிலிருந்து கண்ணை எடுத்துத் திரையில் மூன்று இடத்தில் தொட வேண்டும். ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப்பே, இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் மாதிரி அடிப்படைச் சமாசாரங்களுக்குத் தனிப் பட்டனோ லீவரோ இல்லையென்றால் 2026 முதல் முழு நட்சத்திரம் கிடைக்காது என்று சொல்லிவிட்டது. தாமதம்தான், இருந்தாலும் சந்தோஷம்.

கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக்கும் போய், விரலால் தூக்கும் சுவிட்ச் வந்துவிட்டது. அப்படிப்பட்ட பல வண்டிகளில் பின் சக்கர பிரேக் பேடு மாற்றவே ஸ்கேனரைச் சொருகி மோட்டாரைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வாசலில் ஜாக்கி போட்டுத் தானே பேடு மாற்றிப் பார்க்கலாம் என்று ஒருவன் ஆசைப்பட்டால் அந்தக் கதவும் அடைபடுகிறது. ஒன்றையும் திறந்து பார்க்காமல், தொட்டுப் பார்க்காமல் நாலு வருஷம் ஓட்டியவனுக்கு வண்டி என்பது ஒரு பெரிய செல்போன். அதனால் அவன் முதலில் செய்வதும் சாப்ட்வேர் மாற்றுவதுதான்.

அதே சமயம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மோதினால் உயிர் பிழைக்க இன்றைய கார் பழைய காரைவிட எவ்வளவோ மேல். இந்தப் பையன் உதட்டோடு தப்பியதற்கு ஏர்பேக்தான் காரணம். அந்தப் பாதுகாப்பையும் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்கிறார்களே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இப்போது முக்கியமான மூடநம்பிக்கைக்கு வருகிறேன். குதிரைசக்தி கூடினால் வண்டி வேகமாகும் என்பது. நேர்கோட்டில் ஆகும். சுற்றிச் சுற்றி ஓடும் எந்த ரேஸ் டிராக்கும் நேர்கோடு இல்லை. கரி ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர். அதில் எங்கே நேரம் மிச்சமாகிறது என்று ஸ்டாப்வாட்சோடு நின்று பாருங்கள். எவ்வளவு தாமதமாக பிரேக் பிடிக்கிறான், வளைவுக்குள் எவ்வளவு வேகத்தோடு போகிறான், எவ்வளவு சீக்கிரம் ஆக்ஸிலரேட்டருக்குத் திரும்புகிறான், இந்த மூன்றில்தான். மூன்றுமே டயர், பிரேக், சஸ்பென்ஷன், ஓட்டுகிறவன். இஞ்சின் இதற்கெல்லாம் பிறகு வருகிறது. 85 குதிரைசக்தி பழைய மாருதி எஸ்டீம் காரை ஒழுங்காக ஓட்டுகிறவன், ரீமேப் அடித்த 150 குதிரைசக்தி வண்டியை மூன்றாவது லேப்பில் (சுற்றில்) பிடித்துவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாவது லேப் என்பதற்கும் காரணம் உண்டு. அதற்குள் கனமான வண்டியின் பிரேக் சூடேறி மங்கிவிடும்.

புரியவில்லையா? இன்னொரு விதமாகச் சொல்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 1,250 கிலோ வண்டியை 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரே ஒரு தடவை நிறுத்தும்போது பிறக்கும் சூடு, ஏறக்குறைய இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அத்தனையும் நாலு சக்கரத்துக்குள் போகிறது. இதை லேப்புக்கு நாலைந்து தடவை செய்யுங்கள். இல்லை, குன்னூரிலிருந்து ஆட்டோமேட்டிக்கைக் கீழ் கியருக்கு மாற்றாமல் 'டி'யிலேயே விட்டு, பிரேக்கில் கால் வைத்தபடி இறங்குங்கள். மலைக்கு நீங்கள் ரேஸ் ஓட்டுகிறீர்களா, கல்யாணத்துக்குப் போகிறீர்களா என்பது தெரியாது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஏன் என்று விளக்கிக்கொண்டிருக்க மாட்டேன், இழுக்கும், அவ்வளவுதான். டாட் 4 என்ற வகை ஆயில், புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். ஈரம் ஏறியபின் அதே தரம் 155-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 இன்னும் மோசம், 205-லிருந்து 140. கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ் வந்து, மிதிக்கிற அழுத்தம் பிரேக்குக்குப் போகாமல் பெடல் தரைக்குப் போகும். இதில் கொடுமை என்னவென்றால், வண்டி ஆறியதும் பெடல் பழையபடி கல் மாதிரி நிற்கும். "காலையில மிதிச்சுப் பாத்தேன், நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். இந்தப் பையனும் அதையேதான் சொன்னான்.

அந்த ஜி.ஐ. கூண்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. தண்ணீர் பைப்புக்குள் தலையை வைக்காதீர்கள். ரேஸுக்கான ரோல் கேஜ், அதாவது வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் கூண்டு, தையல் (இணைப்பு) இல்லாத எஃகுக் குழாய். சர்வதேச விதிப்படி பிரதான வளைவு 45 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 2.5 தடிமன், அல்லது 50-க்கு 2 தடிமன். அடியில் 3 மில்லிமீட்டர் பிளேட் வைத்து வண்டியின் தரையோடு கட்ட வேண்டும். ஜி.ஐ. பைப் வளைத்த இடத்திலேயே பாதி செத்துவிடுகிறது. துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் அடித்த வெல்டு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒழுங்கான கேஜாகவே இருந்தாலும் ஊருக்குள் ஓட்டும் வண்டியில் போடக்கூடாது. ஹெல்மெட் இல்லாத தலை பக்கவாட்டில் அந்தக் குழாயில் மோதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கேஜ் இல்லாமல் நாலு பட்டை பெல்ட் மட்டும் போடுவதும் அதே கதைதான்: வண்டி உருண்டு கூரை இறங்கும்போது உடம்பு குனிய முடியாமல் நிமிர்ந்தே மாட்டிக்கொள்ளும். கேஜ், பெல்ட், பக்கெட் சீட், ஹெல்மெட் எல்லாம் ஒரு செட். பிரித்து வாங்கக்கூடாது.

ஸ்பிரிங் அறுப்பவர்களுக்கு ஒரே வரி: சக்கரம் தொங்கும்போது அந்த ஸ்பிரிங் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தை விட்டு நழுவும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் மதிப்பதில்லை என்றாலும். பொது ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதி இல்லாமல் வண்டியில் மாற்றம் செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக 5,000. இந்தப் பையனின் வண்டியில் எத்தனை என்று நானே எண்ணி வைத்திருக்கிறேன். இன்ஷூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். ரேஸும் வேகச் சோதனையும் அதில் சேர்த்தி இல்லை. அதாவது, தினம் ஆபீஸ் போகும் புது வண்டியை டிராக்கில் கொண்டுபோய் இடித்தால் மிச்சம் இருப்பது பேங்க் தவணை மட்டும்.

சரி, ஆசை இருக்கிறது, காசு இல்லை. என்ன செய்வது?

இந்த ஊரிலேயே ஒருவர் இதற்கு வழி காட்டியிருக்கிறார். ரேஸ் ஓட்டுநரும் கார் வடிவமைப்பாளருமான கரிவர்தன் 1980-களின் கடைசியில் மாருதி 800-இன் இஞ்சினையும் கியர் பாக்ஸையும் எடுத்து ஒற்றை இருக்கை வண்டியில் வைத்தார். 796 சிசி, தெருவுக்குத் தெரு ஸ்பேர் கிடைக்கும் இஞ்சின். ஃபார்முலா மாருதி என்ற அந்த வண்டியில்தான் நரேன் கார்த்திகேயன் தொடங்கினார், 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். மலிவான வண்டியில் கற்றவர்கள் கெட்டுப்போகவில்லை.

இன்னொன்று அமெரிக்காவில் 2006 முதல் நடக்கும் '24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்'. 500 டாலருக்கு மேல் வண்டிக்குச் செலவழிக்கக்கூடாது. வேடிக்கையான வேஷங்களோடு ஓட்டைக் கார்கள் நாள் முழுக்க ஓடும். ஆனால் கேஜ், சீட், பெல்ட், பிரேக் இவற்றுக்குச் செலவழிப்பது அந்த 500-இல் சேராது. கோமாளித்தனமாக ரேஸ் நடத்துபவர்களுக்கே எதில் கஞ்சத்தனம் கூடாது என்று தெரிந்திருக்கிறது. நம் ஊரில் யாராவது இதைச் செய்யக்கூடாதா? வண்டி ஒரு லட்சத்துக்குள், எல்லோருக்கும் ஒரே மாடல் டயர், இஞ்சினுக்கு சீல், பாதுகாப்புச் சாமான் கணக்கில் வராது. ஒரு வண்டிக்கு நாலு பேர் சேர்ந்து ஓட்டட்டும், செலவும் நாலாகப் பிரியும். என் ஷெட்டில் ஒரு வண்டி நிறுத்தி வேலை செய்யும் இடத்தை இதற்காகவே தருகிறேன்.

அது வரும்வரை, முதல் வருஷம் வண்டியே வாங்காதீர்கள். டிஎஸ்டி (நேரம், வேகம், தூரம்) ரேலியில் கலந்துகொள்ளுங்கள். சட்டப்படியான வேகத்தில், சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தைக் கடக்க வேண்டும். சீக்கிரம் போனாலும் அபராதப் புள்ளி. வீட்டு வண்டியே போதும், பக்கத்தில் கணக்குத் தெரிந்த ஒரு நண்பர் வேண்டும். அப்புறம் ஆட்டோகிராஸ். காலி மைதானத்தில் கூம்பு வைத்து, ஒரு நேரத்தில் ஒரு வண்டி. கூம்பைச் சுற்றிச் சட்டென்று திருப்பத்தான் கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் வேண்டும், புது வண்டியின் சுவிட்ச் உதவாது. தானாகக் கூடி மைதானத்தில் சுற்றாதீர்கள். இந்தியாவில் மோட்டார் ரேஸ்களைக் கட்டுப்படுத்தும் எஃப்எம்எஸ்சிஐ அமைப்பின் அனுமதியோடு கிளப்புகள் நடத்துவதில் பெயர் கொடுங்கள். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில்தான் தவறு செய்து பழக வேண்டும்.

அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் ஒரு பழைய எஸ்டீம் தேடுங்கள். 1,300 சிசி, எடை 900 கிலோவுக்குள், பல வருஷம் ரேஸில் அடிபட்டுத் தேறிய இஞ்சின். பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். முன்பக்க சஸ்பென்ஷன் டவரிலும் தரைத் தகட்டிலும் துரு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். வாங்கியதும் இஞ்சினைத் தொடாதீர்கள், தயவுசெய்து. முதல் காசு பிரேக் ஹோஸ், பேடு, புது டாட் 4 ஆயில். இரண்டாவது டயர், பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம். மேல் பட்டன் இன்னும் தேயாமல் இருக்கிறதே என்று பழைய டயரை எடுத்து வராதீர்கள். மூன்றாவது கேஜும் சீட்டும். ஹெல்மெட் பைக்குக்கு வாங்கியது ஆகாது, அதன் உள்துணி தீ தாங்காது. இவ்வளவுக்கும் பிறகு காசு மிச்சம் இருந்தால் ஸ்பார்க் பிளக் மாற்றிக்கொள்ளுங்கள்.

டிராக்கிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் வீல் நட்டை, இறுக்கம் அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். அடுத்த டிராக் நாளுக்கு முன்னால் பிரேக் ஆயில் புதிது. ஊர் வண்டி என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, மலைக்கு அடிக்கடி போகிறவர் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை. சர்வீஸ் பில்லில் 'செக்டு' என்று டிக் அடித்திருப்பது மாற்றியதற்குச் சாட்சி ஆகாது.

ஞாயிறு காலை ஷெட் திறந்திருக்கும். பழைய வண்டி வாங்கும் முன் ஓட்டி வந்து காட்டுங்கள், லிப்டில் ஏற்றி அடியைப் பார்க்கக் காசு வாங்குவதில்லை. ஜி.ஐ. பைப் கூண்டோடு வந்தால் முதலில் கட்டர், பிறகுதான் பேச்சு.