பற்றரி இல்லாத மெசினில் பொறி எப்படிப் பிறக்கிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கிளிநொச்சியில் அவருடைய பாட்டனார் வயலுழுத பழைய லாண்ட்மாஸ்டர் இருசில்லு உழவு இயந்திரம் ஒன்றை லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்து, வீட்டின் பின்வளவில் பகுதி பகுதியாகக் கழற்றித் துடைத்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறாராம். கார்புரேற்றரைக் கழுவிப் புதிய பிளக் போட்ட பின்னரும், கயிற்றைச் சுற்றி எவ்வளவு இழுத்தாலும் எஞ்சின் சத்தங்காட்டவில்லை. அவர் இரண்டு விடயங்களைக் கேட்கிறார்: பற்றரியே இல்லாத இந்த மெசினில் பிளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அது வராமற் போனால் எந்த இடத்தில் தேடுவது?

பழைய தோட்ட உழவு இயந்திரங்களைச் சேகரித்துச் செப்பனிடுவது பல நாடுகளில் வேரூன்றிய பொழுதுபோக்கு. அமெரிக்கர்கள் 1946 இல் தொடங்கிய வீல் ஹோர்ஸ் நிறுவனத்தின் சிறு ட்ராக்டர்களையும், இன்ரநஷனல் ஹாவெஸ்ரர் 1961 இல் வெளியிட்ட கப் கடெற்றையும், 1963 இல் வந்த ஜோன் டியர் 110 ஐயும் தேடித் தேடி வாங்குகிறார்கள். நம் நாட்டில் அவற்றின் இடத்தை நிரப்புவது இருசில்லு உழவு இயந்திரம். அதிலும் லாண்ட்மாஸ்டருக்குத் தனி இடம் உண்டு. இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமுக்கு அருகிலுள்ள ஹக்னலில் உற்பத்தியான அந்த மெசினின் வரலாற்றில் நம்மவர் ஒருவரின் பெயரும் இருக்கிறது. இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் சிறு வயல்களுக்கென இருசில்லு உழவு இயந்திரத்தை உருவாக்கும் முயற்சியில் முன்நின்றவர். பின்னாளில் அவரே தமது மெசின் எருமையின் வேலையை இயந்திரமாக்கியதே தவிர வேளாண்மையை வளப்படுத்தவில்லை என்ற முடிவுக்கு வந்து, மண்ணைக் கிளறாத பயிர்ச்செய்கையையும் கிளிரிசிடியா வேலிகளையும் பரிந்துரைத்தார். தாம் செய்த பொருளையே அவ்வளவு கண்டிப்பாக மதிப்பிட்ட பொறியியலாளர்கள் மிகச் சிலரே; அந்த நேர்மைக்காகவே அவருடைய மெசின் பாதுகாக்கப்பட வேண்டியது என்று கருதுகிறேன்.

இனிக் கேள்விக்கு வருவோம். சுழலும் காந்தத்தின் அருகே கம்பிச் சுருளை வைத்தால் அதில் மின்சாரம் தூண்டப்படும் என்பது 1831 இல் மைக்கேல் பரடே கண்டறிந்தது, க.பொ.த. சாதாரண தரத்தில் அனைவரும் படித்தது. அதைக் கொண்டு எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் கருவிக்கு மக்னீற்றோ என்று பெயர். ரொபர்ட் பொஷ் 1887 இல் நிலையான எஞ்சின்களுக்குத் தாழ்ந்த வோல்ற் மக்னீற்றோவைச் செய்தார். அவருடைய தொழிற்சாலையில் பணியாற்றிய கொட்லொப் ஹோனல்ட் 1902 இல் உயர்ந்த வோல்ற் மக்னீற்றோவை உருவாக்கினார். வில்லியர்ஸ் போன்ற சிறு எஞ்சின் உற்பத்தியாளர்கள் அதை எஞ்சினின் சுழல்தண்டோடு சேர்ந்து சுழலும் கனமான சில்லான பிளைவீலுக்குள்ளேயே அடக்கினார்கள். நிலையான காந்தங்கள் பிளைவீலின் விளிம்பில் பதிந்திருக்கும்; அது சுழலும்போது அவை ஓர் இரும்பு அகணியை உரசாமல் கடந்து செல்லும்; அந்த அகணியைச் சுற்றியே கொயில் இருக்கும். பலர் இந்த இடத்தில் விளக்கத்தை முடித்துவிடுகிறார்கள். உண்மையான வியப்பு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கையால் இழுக்கப்படும் பிளைவீல் அவ்வளவு மெதுவாகச் சுழல்கிறது என்றால், பல்லாயிரம் வோல்ற் எங்கிருந்து வருகிறது? காந்தம் கொயிலைக் கடந்து செல்வதால் மட்டும் பிளக்கின் இடைவெளியைத் தாண்டக்கூடிய மின்னழுத்தம் கிடைப்பதில்லை. மக்னீற்றோ வேறொரு வழியைக் கையாள்கிறது: மாற்றத்தை முதலில் தடுத்து வைத்து, பிறகு ஒரே கணத்தில் விடுவிக்கிறது.

கொயிலில் இரண்டு சுருள்கள் உள்ளன. முதன்மைச் சுருளில் தடித்த கம்பி ஏறத்தாழ இருநூறு சுற்றுக்குள் அடங்கும். துணைச் சுருளில் தலைமயிரைப் போல் மெல்லிய கம்பி பத்தாயிரம் சுற்றளவில் இருக்கும். முதன்மைச் சுருளின் இரு முனைகளையும் பொயின்ற் என்று மெக்கானிக்குகள் சொல்லும் சிறிய தொடுமுனைச் சோடி இணைக்கிறது. பொயின்ற் மூடியிருக்கும்போது அச்சுருள் முழுமையான ஒரு வளையம். காந்தம் நெருங்கும்போது அகணியூடாகக் காந்தப்பாயம், அதாவது அதைக் கடந்துசெல்லும் காந்தப்புலத்தின் அளவு, ஒரு திசையில் பெருகுகிறது. காந்தம் மேலும் நகர்ந்ததும் அதன் மறுமுனை அகணியின் எதிரே வந்து, பாயத்தை எதிர்த்திசைக்குத் திருப்ப முயல்கிறது. ஆனால் இலென்சின் விதி குறுக்கே நிற்கிறது. மூடிய வளையத்தில் தூண்டப்படும் மின்னோட்டம், தன்னைத் தூண்டிய மாற்றத்தையே எதிர்க்கும் திசையில் ஓடும். ஆகவே முதன்மைச் சுருளில் ஏறத்தாழ மூன்று அம்பியர் ஓடி, அகணிக்குள் இருந்த பழைய பாயத்தைப் பழைய திசையிலேயே இறுகப் பிடித்துவைக்கிறது. வெளியே காந்தம் முழு வலுவுடன் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. உள்ளே பாயம் இன்னும் திரும்பவில்லை. காற்று திசைமாறிக் கதவை மறுபக்கம் தள்ளும்போது ஒருவர் உள்ளே நின்று பிடியை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதைப் போன்ற நிலை இது.

சரியாக அந்த நேரத்தில், மின்னோட்டம் உச்சத்தை அடைந்திருக்கும்போது, சுழல்தண்டில் உள்ள ஒரு சிறு மேடு பொயின்ற்றைத் திறக்கிறது. வளையம் அறுந்ததும் மின்னோட்டம் நிற்கிறது. பாயத்தைப் பிடித்துவைத்த விசையும் அதனோடு மறைகிறது. அதுவரை ஒத்திப்போடப்பட்டிருந்த முழு மாற்றமும், ஒரு திசையிலிருந்து எதிர்த்திசைக்கு, நுண்செக்கன் அளவையில் நிகழ்ந்துவிடுகிறது. தூண்டப்படும் மின்னியக்கவிசை பாயம் மாறும் வேகத்துக்கு விகிதசமமானது என்று பரடேயின் விதி சொல்கிறது. பாயம் பெரிதாக இல்லாவிட்டாலும் அது மாறிய வேகம் மிகப் பெரிது. முதன்மைச் சுருளிலேயே ஏறத்தாழ 170 வோல்ற் எழுகிறது. துணைச் சுருளின் சுற்றுகள் 60 மடங்கு அதிகமாக இருப்பதால் அங்கே 10,000 வோல்ற் அளவில் எழுகிறது. எஞ்சினுக்குள் நெருப்பு மூட்டுவது இதுவே. பற்றரி தேவைப்படாததற்குக் காரணமும் இதுவே: கயிற்றை இழுத்த கையின் சக்தியில் ஒரு சிறு பங்கு காந்தத்தின் வழியாகப் பொறியாக மாறியிருக்கிறது. இந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் கழற்றிய பிளைவீலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று அசையும் பகுதிகூட இல்லாத அந்த இரும்புத் துண்டை வடிவமைத்தவர்கள் மீது பெருமதிப்பு உண்டாகும்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. பொயின்ற் ஓர் உலோகத் துண்டு; அது நினைத்த மாத்திரத்தில் முழுதும் திறந்துவிடாது. பிரியத் தொடங்கும்போது இடைவெளி மயிரிழையிலும் குறைவு. தொட்டுக்கொண்டிருந்த கடைசிப் புள்ளியில் உலோகம் உருகி ஆவியாக, அதன் வழியே மின்னோட்டம் வில்லாகத் தொடர்ந்து ஓடும். அப்படி ஓடினால் வளையம் உண்மையில் அறுபடவில்லை. பாயம் மெதுவாகவே திரும்பும். பிளக்கில் பொறி இராது. பொயின்ற்றின் முகமும் தீய்ந்துபோகும். இதைத் தவிர்க்கப் பொயின்ற்றுக்குச் சமாந்தரமாக, மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கொள்ளளவியை இணைக்கிறார்கள். பஞ்சிகாவத்தைக் கடைகளில் கொண்டென்சர் என்று கேட்டால் சுண்டுவிரலின் நுனியளவு உருளையை எடுத்துத் தருவார்கள். அதன் கொள்ளளவம் ஏறத்தாழ 0.2 மைக்ரோபரட். பொயின்ற் பிரியத் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் வில்லாகப் பாய்வதற்குப் பதிலாக இந்தக் கொள்ளளவிக்குள் புகுகிறது. அது நிரம்புவதற்குள் பொயின்ற் போதிய அளவு விலகிவிடும். நிரம்பிய கொள்ளளவி அத்துடன் நின்றுவிடுவதுமில்லை. தன் மின்னேற்றத்தை முதன்மைச் சுருள் வழியாக எதிர்த்திசையில் திருப்பி அனுப்பி, பாயம் புரள்வதை மேலும் விரைவுபடுத்துகிறது. எனக்குத் தெரிந்த வரையில், இவ்வளவு மலிவான ஒரு பொருள் இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் வேறோர் இடம் பழைய எஞ்சின்களில் இல்லை. பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்த மெசினில் முதலில் சந்தேகிக்க வேண்டியதும் இதையே. உள்ளே சுருட்டப்பட்டிருக்கும் காப்புக் கடதாசி காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சி மின்னைக் கசியவிடுகிறது.

பொயின்ற்றின் இடைவெளிக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்பதும் இப்போது விளங்கும். வில்லியர்ஸ் எஞ்சின்களுக்கு 0.015 அங்குலம், பிரிக்ஸ் அன்ட் ஸ்ரட்டன் எஞ்சின்களுக்கு 0.020 அங்குலம் என்று கையேடுகள் சொல்கின்றன. இடைவெளி கூடினால் பொயின்ற் முந்தித் திறக்கும்; மின்னோட்டம் இன்னும் உச்சத்தை அடைந்திராது. குறைந்தால் பிந்தித் திறக்கும். பிடித்துவைத்த பாயம் அதற்குள் வீணாகத் தளர்ந்துவிடும். பிளைவீலைச் சுழல்தண்டில் பூட்டும் சிறிய சாவி நசுங்கியிருந்தாலும் இதே குழப்பம் நேரும். காந்தமும் பொயின்ற்றும் ஒன்றையொன்று தவறவிடும்.

பிளக்கைக் கழற்றி எஞ்சினின் உடலில் வைத்து இழுத்துப் பார்க்கும் வழக்கம் எல்லாக் கராஜ்களிலும் உண்டு. அது பாதி உண்மையையே சொல்லும். திறந்த காற்றில் முக்கால் மில்லிமீற்றர் இடைவெளியைத் தாண்டச் சில ஆயிரம் வோல்ற் போதும். பிஸ்டன் அழுத்திய காற்றில் மூலக்கூறுகள் நெருங்கியிருப்பதால் அதே இடைவெளிக்குப் பன்மடங்கு வேண்டும். வெளியே நீலமாகத் தெறித்த பொறி உள்ளே தோன்றாமற் போவதில் மர்மம் எதுவுமில்லை. திறந்த காற்றில் நான்கைந்து மில்லிமீற்றரைத் தாண்டும் பொறியையே நம்பலாம். மெதுவாக இழுத்தால் பொறி நலிவதும் இயல்பு, ஏனெனில் முதன்மைச் சுருளின் மின்னோட்டமே சுழற்சி வேகத்தைப் பொறுத்தது. கயிற்றை ஒரே வீச்சில் இழுக்க வேண்டும்.

பழுதைத் தேடுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு மெல்லிய வயரும் இருக்கிறது. காரில் எஞ்சினை நிறுத்த மின்சாரத்தைத் துண்டிக்கிறோம். மக்னீற்றோ எஞ்சினை நிறுத்த முதன்மைச் சுருளை எஞ்சினின் உடலோடு இணைக்கிறோம். அப்போது பொயின்ற் திறந்தாலும் வளையம் அறுபடாது, பொறியும் பிறக்காது. நிறுத்தும் பொத்தானுக்குப் போகும் அந்த வயரின் காப்பு எங்கேனும் உராய்ந்து இரும்பைத் தொட்டால், எஞ்சின் நிரந்தரமாக நிறுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். புதிய கொயில் வாங்கப் புறப்படுவதற்கு முன் வெள்ளவத்தை நண்பர் அந்த வயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பார்க்கட்டும்.

நேற்று ஓடிய மெசின் இன்று ஓடாவிட்டால் கண்ணூறு என்றும், செவ்வாய்க்கிழமையில் கைவைத்ததன் பலன் என்றும் சொல்லித் தேசிக்காயும் மிளகாயும் கட்டுவோரை இன்றும் காண்கிறேன். வேலை தொடங்குமுன் கடவுளை வணங்குவது அவரவர் மனநிறைவு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காரணத்தைத் தேட வேண்டிய நேரத்தில் கண்ணூறு என்ற பதில் வந்தமர்ந்துவிட்டால், தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. கொழும்பின் கடற்காற்றும் பருவமழைக் காலத்து ஈரமும் பொயின்ற்றின் தங்குதன் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலத்தைப் படியவிடுகின்றன. பொயின்ற் மூட வேண்டிய வேளையில் முதன்மைச் சுருளில் எழும் மிகச் சிறிய மின்னழுத்தத்தால் அந்தப் படலத்தை ஊடுருவ முடியாது. வளையம் மூடுவதே இல்லை. மெல்லிய அரத்தால் இலேசாகத் தேய்த்து, சுத்தமான தடித்த கடதாசியைப் பொயின்ற்றுக்கு இடையே செருகி இழுத்துத் துடைத்தால் மெசின் எந்தக் கிழமையிலும் ஓடும்.

இத்தகைய அறிவை வளர்க்க அரசு எவ்வளவு செலவிடுகிறது என்று பார்த்தால் மனம் வருந்துகிறது. ஆராய்ச்சிக்கும் விருத்திக்குமாக இலங்கை செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். மகா இலுப்பள்ளமவில் பண்ணை இயந்திரங்களுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் களத்திலிருந்து நமது வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் பொருந்தும் மெசின்கள் தொடர்ந்து வெளிவர வேண்டுமானால், இன்று கிடைப்பதைவிடப் பல மடங்கு நிதியும் இளம் பொறியியலாளர்களும் அதற்கு வேண்டும்.

செப்பனிடுவோருக்கு இன்னும் சில குறிப்புகள். பிளைவீலைக் கழற்றும்போது அதன் விளிம்பில் சுத்தியலால் அடிக்கக் கூடாது. பழைய காந்த உருக்கு அதிர்ச்சியில் வலுவிழக்கும். காந்தத்துக்கும் அகணிக்கும் இடையிலான இடைவெளியைக் கையேடு சொல்லும் அளவுக்கு மிகாமல் வைக்க வேண்டும். பல எஞ்சின்களில் அது ஒரு விசிற்றிங் கார்ட்டின் தடிப்பளவே, பாயம் காற்றில் கடக்கும் தூரம் கூடக்கூடப் பொறி மெலியும். பொயின்ற்றையும் கொண்டென்சரையும் நீக்கிவிட்டு அவற்றின் வேலையைச் செய்யும் மின்னணுக் கட்டையொன்றைப் பொருத்துவோரும் உண்டு. நாள்தோறும் உழைக்கும் மெசினுக்கு அது ஏற்றதுதான். சேகரிப்பாளரின் மெசினில் அதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு பகுதியின் இடத்தில் பிரித்துப் பார்க்க முடியாத ஒரு பகுதி வந்துவிடுகிறது. மாற்றியே ஆக வேண்டுமானால், கழற்றிய பொயின்ற்றையும் கொயிலையும் எறியாமல், மெசினின் மாதிரியையும் எஞ்சின் இலக்கத்தையும் எழுதி ஒட்டிய ஒரு பெட்டியில் வைத்து, மெசினை விற்கும்போது அதனுடன் சேர்த்தே கொடுத்துவிட வேண்டும்.