தட்டு இல்லாத டிஸ்க்: பழைய லேப்டாப்புக்குள் ஒரு ஃபிளாஷ் கார்டு

என் மேசை மேல் 1997ஆம் ஆண்டு லேப்டாப் ஒன்று இருக்கிறது. பவர் பொத்தானை அழுத்தினால் திரை ஒளிர்கிறது, மெமரியை எண்ணி முடிக்கிறது. அப்புறம் மணிக்கட்டு படுகிற இடத்துக்குக் கீழே இருந்து ஒரு சத்தம். மெல்லிய ரீங்காரமாகத் தொடங்கி, ‘டக்... டக்... டக்’ என்று தட்டிவிட்டு அடங்கிவிடும். சற்றுப் பொறுத்தால், டிஸ்க் கிடைக்கவில்லை என்று திரையில் ஒரு வரி வரும். கீபோர்டில் ஒரு சாவி கூடப் பழுதில்லை. திரையில் கோடு இல்லை. ஹார்டு டிஸ்க் மட்டும் போய்விட்டது.

பேட்டரியை விட்டுவிட்டால், பழைய லேப்டாப்புகளில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மற்ற பாகங்களில் பெரும்பாலானவை அசையாமல் கிடக்க, இதற்குள் இருக்கும் தட்டு மட்டும் நிமிடத்துக்கு 4200 முறை சுழல்கிறது. அந்தத் தட்டுக்கு மேலே, தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், தலை என்று சொல்லப்படும் படிக்கும் முனை காற்றில் மிதக்கிறது. இருபது, இருபத்தைந்து வருடத்தில் தாங்கிகளின் எண்ணெய் வற்றுகிறது. உள்ளே வைத்த சின்ன ரப்பர் துண்டுகள் இளகிப் பிசுபிசுக்கின்றன. சில டிஸ்குகளில் தலை தட்டோடு ஒட்டிக்கொண்டு, மோட்டாரால் சுழற்றவே முடியாமல் போகிறது. இன்னொரு பழைய டிஸ்கைத் தேடி வாங்கிப் போடலாம்தான். ஆனால் அதுவும் இதே வயசு, இதே நோய்.

அதனால் பலரும் தேடிப்போவது ஃபிளாஷ் மெமரியை. அதில் அசைகிற பாகம் எதுவும் இல்லை. மின்காப்புப் படலத்தால் நாலாபுறமும் மூடிய ஒரு சிலிக்கான் தீவுக்குள் எலெக்ட்ரான்களை அடைத்துவைத்தால், மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை அங்கேயே இருக்கும். இருக்கிறதா இல்லையா என்பதுதான் ஒன்றும் பூஜ்ஜியமும். தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா இதை 1984இல் உலகுக்கு அறிவித்தார். ஒரு பெரிய பகுதியை ஒரே வீச்சில் அழித்துவிடுவது கேமராவின் ஃபிளாஷ் வெட்டுவதைப் போல இருக்கிறதே என்று அவருடைய சக ஊழியர் ஷோஜி அரிஇசுமி சொன்னதில் இருந்து அந்தப் பெயர் வந்தது.

சரி, என் லேப்டாப்புக்கு ஃபிளாஷ் பற்றி எதுவும் தெரியாது. அதை வடிவமைத்தவர்கள் சுழலும் தட்டை மனதில் வைத்துத்தான் வடிவமைத்தார்கள். பிறகு எப்படி அது ஒரு கார்டை டிஸ்க் என்று ஏற்றுக்கொள்கிறது? எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1980களின் தொடக்கத்தில் டிஸ்கை ஆட்டிவைத்தது கம்ப்யூட்டருக்குள் இருந்த தனி அட்டை. தலையை இத்தனை அடி நகர்த்து, தட்டில் இருந்து வரும் துடிப்புகளை அனுப்பு என்று ஒவ்வொன்றையும் அதுவே பார்த்துக்கொண்டது. 1986இல் காம்பாக், வெஸ்டர்ன் டிஜிட்டல், கன்ட்ரோல் டேட்டா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து அந்த மூளையை டிஸ்கின் அடிவயிற்றுக்கே மாற்றின. ஐடிஇ என்கிற பெயரின் பொருளே அதுதான்: மின்னணுப் பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட டிரைவ். அதன் பிறகு கம்ப்யூட்டர் கேட்பது ஒன்றுதான்: “இந்த எண்ணுள்ள செக்டரில் இருக்கும் 512 பைட்டைக் கொடு.” செக்டர் என்றால் தகவலைப் பிரித்து வைக்கும் சின்னத் துண்டு. உள்ளே தட்டு சுழல்கிறதா, தலை நகர்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரிய வேண்டியதில்லை. கதவுக்குப் பின்னால் யார் இருந்தாலும், கேட்டதைக் கேட்டபடி எடுத்துக் கொடுத்தால் போதும்.

1994இல் சான்டிஸ்க் கொண்டுவந்த காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு இந்தப் பேச்சைப் பிறவியிலேயே கற்றுக்கொண்டு வந்தது. அதற்கு 50 பின்கள். மின்சாரம் வரும் நொடியில் 9ஆவது பின் தரையோடு இணைந்திருந்தால், கார்டு தன்னை ஐடிஇ டிஸ்காகவே பாவித்துக்கொள்ளும். அதனால் இடையில் வைக்கிற அடாப்டரில் மொழிபெயர்க்கும் சில்லு எதுவும் தேவையில்லை. ஒரு பக்கத்துப் பின்னை மறுபக்கத்துப் பின்னோடு இணைக்கும் செப்புக் கோடுகள் போதும். எஸ்டி கார்டுக்கும், எம்சாட்டா வகைச் சின்ன எஸ்எஸ்டிக்கும் (ஃபிளாஷில் செய்த டிஸ்க்) அடாப்டர்கள் உண்டு. அவற்றில் நடுவே ஒரு சில்லு உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். அவையும் வேலை செய்யும். ஆனால் தொண்ணூறுகளின் லேப்டாப் என்றால் என் ஓட்டு காம்பாக்ட் ஃபிளாஷுக்குத்தான். வாங்கும்போது சிஎஃபாஸ்ட் என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். பார்க்க அதே அளவுதான், ஆனால் அது பேசுவது வேறு மொழி.

லேப்டாப் எழுந்தவுடன் டிஸ்கிடம் “நீ யார்?” என்று கேட்கும். பதிலாக 512 பைட் வரும். அதில் மாடல் பெயர் எழுதப்பட்டிருக்கும் விதமே அழகு. எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாறி இருக்கும். அரசமரம் என்று பெயர் வைத்திருந்தால், இன்டெல் வகைச் சில்லு அதை அப்படியே படிக்கும்போது ரஅமசம்ர என்று கிடைக்கும். லேப்டாப்பை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸ் அதைத் திருப்பிப் போட்டுத் திரையில் காட்டுகிறது.

அதே பதிலில் கார்டு ஒரு பொய்யும் சொல்கிறது. தனக்கு 16 தலைகள், ஒவ்வொரு தடத்திலும் (தட்டில் உள்ள ஒரு வட்டம்) 63 செக்டர், இத்தனை சிலிண்டர் (ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்த தடங்களின் தொகுதி) என்று. தட்டே இல்லாத பொருளுக்கு ஏது தலை? ஆனால் அந்தக் கால பயாஸுக்கு இந்தக் கணக்கு வேண்டும். கணக்கு இடிக்கிற இடமும் உண்டு. டிஸ்கின் பேச்சில் தலைகளுக்கு ஒதுக்கிய இடத்தில் 16க்கு மேல் போக முடியாது. பயாஸின் பேச்சில் சிலிண்டர் 1024ஐயும், செக்டர் 63ஐயும் தாண்டாது. இரண்டிலும் குறுகியதைத்தான் எடுக்க வேண்டும் என்பதால், 1024 × 16 × 63 × 512 என்று பெருக்கினால் 52 கோடியே 84 லட்சத்து 82 ஆயிரத்து 304 பைட். 1990களின் முதல் பாதியில் வந்த பல கம்ப்யூட்டர்கள் இந்தச் சுவரில்தான் முட்டி நின்றன. அதற்குப் பிறகு வந்தவற்றில் சில, 4096 சிலிண்டருக்கு மேல் பார்த்தால் திகைத்து நின்றுவிடும். ஏறக்குறைய 2 ஜிபி. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸும் முதல் விண்டோஸ் 95உம், டிஸ்கைப் பிரித்த ஒரு பகுதிக்கு 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. அதனால் என் லேப்டாப்புக்கு 2 ஜிபி கார்டே வாங்கினேன். அதன் பழைய டிஸ்கும் அதே அளவுதான்.

லேப்டாப் டிஸ்கின் பின்கள் 44. அவற்றில் 40 பேசுவதற்கு, மீதி நான்கில் மின்சாரமும் தரையும். 20ஆவது பின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். தலைகீழாகச் செருகிவிடாமல் இருக்க அது ஒரு அடையாளம். பின்களுக்கு இடையே 2 மில்லிமீட்டர்தான். ஒரு வரிசை தள்ளிச் செருகினால் 5 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போகும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

இனி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கார்டை யுஎஸ்பி ரீடரில் போட்டு, புது கம்ப்யூட்டரிலேயே பகுதி பிரித்து, எல்லாவற்றையும் ஏற்றி, லேப்டாப்பில் வைத்தேன். கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மின்னியது. இரண்டு மாலை நேரம் போன பிறகுதான் புரிந்தது: புது கம்ப்யூட்டர் போட்ட தலை, சிலிண்டர் கணக்கு வேறு, லேப்டாப்பின் பயாஸ் போடுகிற கணக்கு வேறு. பிளாப்பியில் இருந்து டாஸை எழுப்பி, லேப்டாப்பிலேயே எஃப்டிஸ்க் என்ற டிஸ்க் பிரிக்கும் நிரலை ஓட்டிப் பகுதி பிரித்து ஃபார்மட் செய்ததும் சரியாகிவிட்டது. ஃபைல்களை அதற்குப் பிறகு ரீடர் வழியாகவே போடலாம்.

வேகம் கூடுமா? கூடும், ஆனால் நினைக்கிற இடத்தில் அல்ல. நொடிக்கு எத்தனை எம்பி என்பதை லேப்டாப்பின் கம்பிகளே கட்டுப்படுத்துகின்றன. அந்தக் காலத்து முறையில் உச்சமே 16.7 எம்பிதான். மிச்சமாவது காத்திருப்பு. 4200 சுழற்சியில் ஒரு சுற்றுக்கு 14.3 மில்லிசெகண்ட், அதில் சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை நகரப் பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்ட். ஆக நொடிக்கு ஐம்பது இடம் போய்ப் படிப்பதே அதிகம். விண்டோஸ் எழும்போது சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான சின்ன ஃபைல்களைத் தேடி அலைகிறது. கார்டில் அந்த அலைச்சல் இல்லை.

எழுதும்போதுதான் கார்டு திணறும். ஃபிளாஷில் எழுதியதன் மேல் நேராக எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும், அழிப்பதோ பெரிய கட்டம் கட்டமாகத்தான். 512 பைட்டை மாற்ற, அந்தக் கட்டத்தில் உள்ள மற்றதையெல்லாம் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவைக்க வேண்டி வரலாம். கேமராவுக்காகச் செய்த மலிவான கார்டில் விண்டோஸ் எக்ஸ்பியை ஓட்டினால் நடுநடுவே இரண்டு மூன்று நொடி உறைந்து நிற்பது இதனால்தான். ஒவ்வொரு அழிப்பிலும் அந்த மின்காப்புப் படலம் கொஞ்சம் தேய்கிறது. ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைக்கும் எஸ்எல்சி வகை லட்சம் அழிப்பு வரை தாங்கும், இரண்டு பிட் வைப்பது சில ஆயிரம்தான். விலை கூடினாலும் தொழிற்சாலைகளுக்கென்று செய்த எஸ்எல்சி கார்டை வாங்குங்கள். மெமரியையும் கூட்டிப் போட்டால் விண்டோஸ் கார்டில் அடிக்கடி எழுதுவது குறையும்.

இன்று மாலை மூடியைப் போட்டுத் திருகி, பவர் பொத்தானை அழுத்தினேன். ரீங்காரம் இல்லை, தட்டல் இல்லை. திரைக்குக் கீழே உருளை வடிவ டிஸ்க் படம் போட்ட பச்சை விளக்கு மட்டும் படபடவென்று மின்னியது. வேலையாக இருக்கும்போது டிஸ்க் அந்தச் செய்தியை அனுப்புவதற்கென்றே 39ஆவது பின்னில் ஒரு கம்பி உண்டு. கார்டு அதையும் விட்டுவைக்கவில்லை.