சுக்கு இருக்க 'உலர் இஞ்சி' எதற்கு?

சீன மருத்துவத்தைத் தமிழில் சொல்ல வருகிற கட்டுரை, காணொளி எதைத் திறந்தாலும் 'உலர் இஞ்சி' வந்து உட்கார்ந்திருக்கிறது. சிலர் ஒருபடி மேலே போய் 'உலர்த்தப்பட்ட இஞ்சி வேர்த்தண்டு' என்கிறார்கள். மளிகைக் கடையில் போய் இப்படிக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். காரணம் தெரிந்ததுதான். இவர்கள் சீனத்திலிருந்து மொழிபெயர்ப்பதில்லை, ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கிறார்கள். ஆங்கிலத்தில் சுக்குக்குத் தனிப்பெயர் இல்லை, அதனால் 'காய்ந்த இஞ்சி' என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். அந்தக் குறை நமக்கு எதற்கு?

சீனத்தில் இஞ்சி 'ஜியாங்'. பழைய எழுத்தின் தலையில் புல்லைக் குறிக்கும் உறுப்பு இருந்தது. எழுத்துகளை எளிமையாக்கியபோது அதே ஒலியுள்ள ஒரு குடும்பப்பெயரின் எழுத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். நூறு கேடுகளை எதிர்த்து நிற்பதால் இந்தப் பெயர் என்று பழைய சீன அமைச்சர் வாங் ஆன்ஷி சொன்ன விளக்கத்தை மருத்துவர் லி ஷிசென் தன் மருந்து நூலில் எடுத்துக்காட்டுகிறார். கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். நமக்கு வேண்டியது வேறு: பச்சைக்கும் காய்ந்ததற்கும் அவர்களிடம் ஒரே பெயர்ச்சொல். அதனால் முன்னால் ஓர் அடைமொழி போடுகிறார்கள். 'ஷெங் ஜியாங்' பச்சை, 'கான் ஜியாங்' காய்ந்தது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இஞ்சி, சுக்கு. முடிந்தது.

இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன கெட்டுப்போகும் என்பவர்களுக்கு: சீன மருத்துவத்தில் இவை இரண்டு மருந்துகள். கி.பி. 200 வாக்கில் ஜாங் ஜோங்ஜிங் என்னும் சீன மருத்துவர் எழுதிய முறைகளில், குளிர்க்காய்ச்சலுக்கான 'குவெய் ஜி' கஷாயத்தில் இஞ்சி போகிறது. குடித்ததும் சூடான நீர்க்கஞ்சி குடித்துப் போர்த்திப் படுக்க வேண்டும், வியர்க்கும். குமட்டலை அடக்குவதும் இஞ்சிதான். வயிறு குளிர்ந்து, செரிக்காமல், பேதியாகிறது என்றால் 'லி ஜோங்' உருண்டையில் சுக்கு சேரும். கைகால் சில்லிட்டுப் போனவருக்கான 'ஸு நி' கஷாயத்தில், ஃபூஸி என்னும் நஞ்சுக் கிழங்கோடு சுக்கு சேர்கிறது. சுக்கு இல்லாமல் ஃபூஸிக்குச் சூடு ஏறாது என்று அங்கே ஒரு பேச்சே உண்டு. (ஃபூஸியை வீட்டில் முயன்று பார்க்காதீர்கள். ஆளைக் கொல்லும் சரக்கு.)

'ஷெங் ஜியாங் ஸியே ஸின்' கஷாயத்தில் நான்கு லியாங் (பழைய சீன எடை) இஞ்சியும் ஒரு லியாங் சுக்கும் சேர்ந்தே வருகின்றன. ஒரே சட்டியில் இரண்டு மருந்து! இதைத் தமிழில் போட்ட ஒருவர், இஞ்சி இரண்டு தடவை வந்திருக்கிறதே, அச்சுப்பிழை போல என்று நினைத்து ஒன்றை வெட்டியிருந்ததைப் பார்த்தேன். 'சுக்கு' என்று மனதில் ஓடியிருந்தால் கை வெட்டியிருக்காது.

சரி, 'உலர் இஞ்சி'க்காரர்கள் சும்மா விடுவதில்லை. அவர்கள் சொல்லும் முதல் காரணம் இது: சுக்கு என்றால் சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, தோல் சீவிச் சுத்தி செய்தது, கான் ஜியாங் பெரும்பாலும் தோலோடு காய்ந்தது, ஆகவே இரண்டும் வேறு. நுணுக்கமான வாதம் போலத் தெரியும். ஆனால் 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்று சொல்லிவைத்தவர்கள் யார்? தோல் இருக்கும்போதே அதற்குப் பெயர் சுக்குதான். தோல் சீவிய பிறகுதான் சுக்கு என்றால் புறநஞ்சுக்கு ஏது இடம்? சுத்தி செய்தால் அது சுத்தி செய்த சுக்கு. சீனத்தில் அந்தத் தோலுமே தனி மருந்து. 'ஷெங் ஜியாங் பீ', அதாவது இஞ்சித்தோல். உடம்பில் நீர் கோத்து வீங்கும்போது கொடுக்கும் ஐந்து தோல் மருந்தில் அதுவும் ஒன்று. நாம் நஞ்சு என்று சீவி எறிவதை அவர்கள் எடுத்து வைக்கிறார்கள். அதற்காக அவர்களுடைய கான் ஜியாங் சுக்கு இல்லை என்று ஆகிவிடுமா?

இரண்டாவது காரணம் தூய்மை. சுக்கு வடமொழி 'சுஷ்க'விலிருந்து வந்ததாம், 'உலர் இஞ்சி'தான் தனித்தமிழாம். சுக்கைச் 'சுள்' என்னும் தமிழ் வேரோடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டையை அவர்களே முடித்துக்கொள்ளட்டும். சுக்கு, மிளகு, திப்பிலி என்று எண்ணிப் பழகிய வாய் 'உலர் இஞ்சி, மிளகு, திப்பிலி' என்று ஒருநாளும் எண்ணாது. ஆங்கிலச் சொற்றொடரைத் தமிழ் எழுத்தில் உடுத்திவிட்டால் அது தனித்தமிழ் ஆகிவிடுமா?

இஞ்சி, சுக்குக்கு அடுத்த மூன்றாவது சரக்கு 'பாவ் ஜியாங்'. இதற்குப் 'பொரித்த இஞ்சி' என்கிறார்கள். படித்தவுடன் எண்ணெய்ச் சட்டிதான் கண்ணில் வரும். உண்மையில் எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. மணலை நன்றாகச் சூடேற்றி, அதில் சுக்குத் துண்டுகளைப் போட்டுக் கிளறுகிறார்கள். துண்டு உப்பி, மேற்புறம் பழுப்பேறியதும் எடுத்துச் சலித்து ஆறவைக்கிறார்கள். நெல்லைச் சுடுமணலில் போட்டால் பொரிகிறதே, அதே வேலை. படிகாரத்தைச் சட்டியில் உப்பவைப்பதையும் நம் மருந்து செய்பவர்கள் 'பொரித்து' என்றுதான் சொல்வார்கள். ஆகவே 'பொரி' சரியான சொல். தப்பு இஞ்சியில்தான். 'பொரிசுக்கு' என்று சொல்லுங்கள், குழப்பம் தீர்ந்தது. குளிர்ச்சியால் போகும் இரத்தத்தை நிறுத்தவும், பிள்ளை பெற்றவளுக்கான 'ஷெங் ஹுவா' கஷாயத்திலும் இதுதான் போகும். இஞ்சி நடக்கும், நிற்காது. சுக்கு நடக்கவும் செய்யும், நிற்கவும் செய்யும். பொரிசுக்கு நிற்கும், நடக்காது என்று அங்கே வாய்ப்பாடு. (நடப்பது என்றால் உடம்பில் பரவுவது, நிற்பது என்றால் ஓரிடத்தில் தங்கி வேலை செய்வது.) மூன்றுக்கும் 'இஞ்சி' என்று போட்டு இதை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

இன்னும் தீயில் விட்டு மேலே கருப்பாக, உள்ளே பழுப்பாக எடுப்பது 'ஜியாங் தான்'. ஒலிபெயர்த்து எழுதினால் யாரோ 'ஆமாம், ஜியாங்தான்' என்று அடித்துச் சொல்வது போல இருக்கிறது. 'இஞ்சிச் சாம்பல்' என்று ஒரு பெயர்ப்பு கண்ணில் பட்டது. சாம்பலாகிவிட்டால் மருந்து போச்சு. குணம் போகாமல் கருக்குவதுதான் முறை. கருக்கிய சுக்கு என்றால் போதும். அப்புறம், ஈரக் காகிதத்தில் சுற்றித் தணலில் சுடுவது ஒன்று. அது சுட்ட இஞ்சி. அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை.

'காவ்லியாங் ஜியாங்' இஞ்சியே இல்லை. காவ்லியாங் தென்சீனத்தில் ஒரு பழைய ஊர்ப்பெயர், சரக்கு நம் சிற்றரத்தை. 'ஜியாங் ஹுவாங்' மஞ்சள். இதை 'மஞ்சள் இஞ்சி' என்று எழுதுகிற கைக்கு என்ன செய்வது? பெயர் மட்டுமில்லை, வேலையைச் சொல்வதும் இப்படித்தான். 'இஞ்சி வெளிப்புறத்தை விடுவிக்கும், நடுப்பகுதியை வெதுவெதுப்பாக்கும்' என்று எழுதுகிறார்கள். யாரைச் சிறையிலிருந்து விடுவிக்கிறார்கள்? வியர்க்க வைக்கும், வயிற்றுக் குளிரை எடுக்கும் என்று சொன்னால் கிழவிக்கும் புரியும்.

ஜப்பானிய மருந்துப் பட்டியலை வைத்துப் பெயர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சீனத்து 'ஷெங் ஜியாங்' எழுத்துகளையே அங்கே 'ஷோக்யோ' என்று படிப்பார்கள். ஆனால் மருந்துப் பெட்டியில் அந்தப் பெயரில் இருப்பது காய்ந்த சரக்கு. எழுத்தைப் பார்த்து 'பச்சை இஞ்சி' என்று போட்டுவிடாதீர்கள், அது சுக்கு. 'கன்க்யோ' என்று இன்னொன்று வரும். அது அவித்த பிறகு காயவைத்தது. அதற்கு மட்டும் புதுப்பெயர் தேவைதான். என்னைக் கேட்டால், புழுங்கல் சுக்கு.