குளிரங்கியைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்

சென்ற வாரமும் எங்கள் மருத்துவ நிலையத்துக்கு ஒரு பயணி வந்தார். மெல்லிய கம்பளிச் சட்டை அணிந்திருந்தார். நான்கு விரல் நுனிகள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. குளிரங்கி எங்கே என்று கேட்டேன். பெட்டியில் இருக்கிறது என்றார். பெட்டியோ முந்தைய விமான நிலையத்திலேயே நின்றுவிட்டது. இந்தக் குளிர்காலத்தில் பனிக்கடியோடு, அதாவது குளிரில் தோல் உறைந்து உண்டாகும் காயத்தோடு, வந்த பயணிகளில் இவர் ஐந்தாமவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் செவிலியராகப் பணிபுரியும் ரெசொலூட், கனடாவின் நுனாவுட் பகுதியில், 74 பாகை வட அட்சரேகையைத் தாண்டி இருக்கிறது. இங்குள்ள இன்யுயிட் பழங்குடி மக்களின் இன்யுக்டிடூட் மொழியில் இதன் பெயர் கௌசுயிட்டுக், விடியல் இல்லாத இடம். நவம்பர் தொடக்கத்தில் மறையும் சூரியன் பிப்ரவரி தொடக்கத்தில்தான் திரும்புகிறது. நுனாவுட்டின் 25 ஊர்களில் எதையும் மற்றொன்றோடு இணைக்கும் சாலை கிடையாது. கோடையில் வரும் கப்பலை விட்டால் எல்லாவற்றுக்கும் விமான ஓடுபாதைதான் வாசல்.

விமானத்துக்குள் வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது, இறங்கியதும் கட்டடத்துக்குள் போய்விடுவோமே என்று வருகிற அனைவரும் சொல்கிறார்கள். ஐயா, பெரிய நகரங்களில் இருப்பதுபோல் விமானத்தின் கதவையும் கட்டடத்தையும் இணைக்கும் நடைகூடம் இங்கே இல்லை. படியில் இறங்கித் திறந்தவெளியில் நடக்க வேண்டும். வெப்பநிலை −30 பாகையாக இருந்து, காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், உடல் உணர்வது −49. திறந்திருக்கும் தோலில் இரண்டு முதல் ஐந்து நிமிடத்துக்குள் பனிக்கடி விழுந்துவிடும். மளிகையும் தபாலும் பயணிகளும் ஒரே சிறிய விமானத்தில் ஏறுவதால், எடை மிகுந்தால் முதலில் இறக்கி வைக்கப்படுவது உங்கள் பெட்டிதான். வானிலை கெட்டு வேறோர் ஊரில் இறக்கிவிட்டாலும் அங்கேயும் இதே குளிர்தான். இங்கே நிலையத்திலிருந்து ஊரே ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

ஆகவே குளிரங்கி, காலணி, தொப்பி, கையுறை நான்கையும் உடலில் அணிந்தே விமானம் ஏறுங்கள். உள்ளே புழுங்கினால் அங்கியின் பொத்தானைக் கழற்றிக்கொள்ளுங்கள். அன்றாட மருந்துகளை ஒரு வாரத்துக்குக் கைப்பையில் வையுங்கள். இன்சுலினை உடலோடு ஒட்டி, உள்சட்டைப் பையில் வையுங்கள், உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

வலிக்கவில்லையே என்று தயவுசெய்து காத்திருக்க வேண்டாம்; உறையும் விரல் மரத்துப்போகும், வலி பிறகுதான் வரும். பனியை அள்ளித் தேய்க்கவும் வேண்டாம்: தோல் உரிந்துவிடும். எங்களால் இயலாத காயத்தோடு நீங்கள் 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால், மருத்துவமனை உள்ள நுனாவுட் தலைநகர் இக்காலூயிட்டுக்குப் போக நேர்ந்தால், உங்களை ஏற்றிச் செல்லும் விமானமும் அதே காற்று தணியத்தான் காத்திருக்கும்.