எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன்: கலப்பையை மண் எப்படித் தடுக்கிறது?

"இந்தக் கலப்பையை இழுக்க எத்தனை குதிரைத்திறன் டிராக்டர் வேண்டும்?" உழவுக் கருவிகளை வடிவமைக்கும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். கருவியைப் பற்றிய கேள்வியாகத் தெரிந்தாலும், பதிலில் பெரும்பங்கு மண்ணிடம்தான் இருக்கிறது. கலப்பையும் டிராக்டரும் வயலும் அதேதான். ஈரம் மட்டும் மாறினாலே இழுவிசை மாறிவிடும். அதனால் விசைக் கணக்கு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைக் கருவி செய்பவர், வாங்குபவர், ஓட்டுபவர் மூவருமே தெரிந்துகொள்ள வேண்டும்.

அடிப்படைக் கணக்கு பழையது. ஒரு சுவரை மண் எவ்வளவு தள்ளும் என்று 1776இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலோம் கணக்கிட்டார். கலப்பைக் கொழு, அதாவது மண்ணைக் கீறும் இரும்பு முனை, மண்ணுக்குள் தள்ளப்படும் சிறிய சுவர்தான். அது முன்னேறும்போது எதிரே இருக்கும் மண் ஆப்பு வடிவத்தில் உடைந்து மேலே எழுகிறது. அந்த ஆப்பை உடைத்துத் தூக்கத் தேவைப்படும் விசையை 1960களின் நடுவில் ரீஸ் என்ற ஆய்வாளர் ஒரே சமன்பாட்டில் எழுதினார். அதில் நான்கு உறுப்புகள் உண்டு: மண்ணின் எடை, துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிணைவு, மண்ணுக்கும் இரும்புக்கும் இடையிலான ஒட்டல், மேற்பரப்பில் அழுத்தும் சுமை. மண்ணின் உராய்வும் கொழுவின் சாய்வும் இவற்றின் பெருக்கெண்களுக்குள் வந்துவிடும்.

எடை உறுப்பு ஆழத்தின் வர்க்கமாக ஏறும். பிணைவு உறுப்பு ஆழத்துக்கு நேராக ஏறும். அதாவது ஆழத்தை இரட்டித்தால் முதலாவது நான்கு மடங்கு, இரண்டாவது இரண்டு மடங்கு. மணலில் எடையும் உராய்வும்தான் பெரிது. களியில் பிணைவு பெரிது, அதுவும் காய்ந்துவிட்டால் மிகப் பெரிது. என்னைப் பொறுத்தவரை இந்தச் சமன்பாட்டின் உண்மையான பயன் கடைசியில் வரும் எண்ணில் இல்லை. எந்த உறுப்பு விசையைத் தின்கிறது என்று காட்டுவதில் இருக்கிறது. பிணைவுதான் தின்கிறது என்றால் பெரிய டிராக்டர் தேடுவதை விட, மண் பதத்துக்கு வரும்வரை காத்திருப்பது மேல்.

அந்தப் பதத்தைக் கையாலேயே பார்த்துவிடலாம். உழப்போகும் ஆழத்திலிருந்து கொஞ்சம் மண் எடுத்து உள்ளங்கையில் திரித்துப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனுக்குத் திரி உடையாமல் வந்தால் ஈரம் அதிகம். அப்போது உழுதால் மண் உடையாது, வழுக்கிப் பூசிக்கொள்ளும். கொழுவில் ஒட்டும், சாலின் அடியில் இறுகிய தட்டு உருவாகும். அந்தத் தடிமனை எட்டும் முன்பே திரி பொடிந்தால் உழலாம். கட்டியாகக் காய்ந்துபோன மண்ணில் இந்தச் சோதனைக்கே வேலை இல்லை. அது வேறு பிரச்சினை.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது ஆழத்தைப் பற்றித்தான். உளிக்கலப்பை போன்ற குறுகலான கருவிகளுக்கு ஓர் எல்லை ஆழம் உண்டு. காட்வின், ஸ்பூர் என்ற ஆய்வாளர்கள் 1977இல் இதை விசைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். எல்லைக்கு மேலே மண் பிறை வடிவத்தில் உடைந்து மேல்நோக்கி எழும். எல்லைக்குக் கீழே இருக்கும் மண், மேலே எழ வழியில்லாமல் முன்னாலும் பக்கவாட்டிலும் நெரிபடும். அங்கே செலவாகும் டீசல் மண்ணைத் தளர்த்துவதில்லை, இறுக்குகிறது! இந்த எல்லை பெரும்பாலும் கொழு அகலத்தின் 5 முதல் 7 மடங்கு ஆழத்தில் இருக்கும். மேல்மண் இறுகியோ அடிமண் ஈரமாகவோ இருந்தால் இன்னும் மேலேறிவிடும். ஆக, அடிமண் இறுக்கத்தை உடைக்கிறேன் என்று கொழுவை மேலும் மேலும் இறக்குவது, அந்த இறுக்கத்தை வேறோர் ஆழத்தில் உண்டாக்குவதில் முடியலாம். கொழுவின் இருபுறமும் சிறகு பொருத்தினால் எல்லை ஆழம் கீழிறங்கும். இழுவிசை சற்றுக் கூடும்தான், ஆனால் தளரும் மண்ணின் பரப்பு அதை விடப் பல மடங்கு கூடும்.

அப்புறம் சாய்வு. தரையோடு 25, 30 பாகை சாய்ந்த கொழு மண்ணைத் தூக்கிக்கொண்டே தன்னைக் கீழே இழுத்துக்கொள்ளும். செங்குத்தை நெருங்க நெருங்க இழுவிசை வேகமாக ஏறும், செங்குத்து விசையும் திசை மாறிக் கருவியை மேலே தள்ளும். "கலப்பை இறங்கவே மாட்டேன் என்கிறது" என்று அதன் மேல் எடை ஏற்றுபவர்கள், தேய்ந்த கொழுமுனையின் கோணத்தை முதலில் பார்க்க வேண்டும்.

வேகத்தை ஒரு கணக்கோடு சொல்கிறேன். அமெரிக்க வேளாண், உயிரியல் பொறியாளர் சங்கத்தின் டி497 தரவுத்தாளில், மண்ணைப் புரட்டிப்போடும் வளைபலகைக் கலப்பைக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. மொத்த அகலம் 0.9 மீட்டர், ஆழம் 20 செ.மீ., களிப்பாங்கான மண் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் இழுவிசை சுமார் 14 கிலோநியூட்டன், 8 கி.மீ. வேகத்தில் 17.6. இழுக்க மட்டும் ஆகும் திறன் 19.5 கிலோவாட்டிலிருந்து 39 கிலோவாட்டாகிறது. வேகம் 1.6 மடங்கு ஏறியதற்குத் திறன் இரண்டு மடங்கு! வேலை சீக்கிரம் முடியும், சரி. ஆனால் அதே நிலத்தை உழுது முடிக்க ஆகும் இழுவை ஆற்றல் கால்பங்கு கூடுகிறது.

இதே தாள் இந்தக் கலப்பைக்கு 40 சதவீதம் கூடுதல் குறைவு வரலாம் என்றும் சொல்கிறது. 14 என்று வந்தால் உண்மை 8.4 ஆகவும் இருக்கலாம், 19.6 ஆகவும் இருக்கலாம். போதாததற்கு இது சராசரி. மண் கட்டி கட்டியாக உடைவதால் விசை நொடிக்கு நொடி ஏறி இறங்கும். சட்டமும் போல்ட்டும் உடைவது உச்ச விசையில்தான். சராசரியை வைத்துச் சட்டத்தை வடிவமைக்கும் பட்டறைகளைப் பார்க்கும்போது எனக்குப் பயமாகவே இருக்கிறது.

கணினியில் மண்ணைத் துகள் துகளாக வைத்துக் கணக்கிடும் முறை, 1979இல் கண்டல், ஸ்ட்ராக் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய அடிப்படையிலிருந்து வளர்ந்தது. கருவியின் வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்க்க அருமையான வழி. ஆனால் துகள்களுக்கிடையிலான உராய்வையும் பிணைவையும் அந்த மண்ணிலேயே அளந்து சரிசெய்யாவிட்டால், திரையில் வண்ணவண்ணமாக வருவது வெறும் படம்தான்.

அளப்பது ஒன்றும் கடினமில்லை. கலப்பை பூட்டிய டிராக்டரை நியூட்ரலில் போட்டு, இன்னொரு டிராக்டரால் இழுத்து, நடுவே விசைமானியைக் கட்டுங்கள். கலப்பை மண்ணில் இருக்கும்போது ஓர் அளவு, தூக்கிய நிலையில் ஓர் அளவு, வித்தியாசம்தான் இழுவிசை. அதே வேளையில் அதே ஆழத்தில் மண்ணெடுத்து ஈரப்பதத்தையும் குறித்துவையுங்கள். ஈரம் குறிக்காத இழுவிசை எண்ணை வேறொரு நாளின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.