கோதுமைக் கதிரில் எத்தனை கோடு?

பள்ளிக்கூட நாளில் என் கைக்கு வந்த முதல் வெளிநாட்டுக் காசு, ஒரு பழைய அமெரிக்க சென்ட். கறுத்துப்போய்க் கிடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் வீட்டில் வளர்ந்தவன் சும்மா இருப்பேனா? தேய்த்தேன். அரை நிமிடத்தில் ரோஜா நிறத்தில் பளீரென்றது. காசு சேர்க்கும் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரிடம் பெருமையாக நீட்டினேன். வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்தவர், "கொன்னுட்டியேப்பா" என்றார்.

அவர் சொன்னது விளங்கப் பல வருடம் ஆனது. காரணம் முழுக்க உலோகத்தில் இருக்கிறது.

அமெரிக்கர்கள் ஒரு சென்ட்டைப் பேச்சில் பென்னி என்பார்கள். 1909 முதல் 1958 வரை அடித்தவற்றில் முன்பக்கம் லிங்கன் முகம், பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிர். போர்க்காலத்து 1943-ஐ விட்டுவிட்டால், உலோகத்தில் 95 சதவீதம் செம்பு. 1930களில் விஸ்கான்சின் மாநிலத்தில் இவற்றுக்கென்றே துளை போட்ட அட்டைகள் விற்பனைக்கு வந்தன. ஒவ்வொரு வருடத்துக்கும், ஒவ்வொரு நாணயச்சாலைக்கும் ஒரு துளை. சில்லறையைக் கிளறி நிரப்ப வேண்டியதுதான். முக்கால்வாசி துளைகள் சுலபமாக நிரம்பிவிடும். மீதி சில ஆளைப் படுத்தி எடுக்கும்.

அதில் பேர்போனது 1909-ன் 'எஸ் வி.டி.பி.'. காசை வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னர் தன் மூன்று முதலெழுத்துகளைப் பின்பக்க அடியில் பொறித்திருந்தார். கண்ணை உறுத்துகிறது என்று எதிர்ப்புக் கிளம்ப, சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குள் 'எஸ்' என்று தன் அடையாள எழுத்தைப் பொறிக்கும் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை அடித்தவை 4,84,000 மட்டுமே.

கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு நல்ல நிலையில்? இங்கேதான் காசின் நிலையை 1 முதல் 70 வரை அளக்கும் மதிப்பெண் வருகிறது. ஏன் 100 இல்லை? 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் பழைய பெரிய சென்ட்டுகளுக்கு ஒரு விலைக்கணக்கு போட்டார். படுமோசமானது ஒரு டாலர் என்றால் அப்பழுக்கில்லாதது 70 டாலர். விலைகள் ஏறியதும் கணக்கு உடைந்துபோனது, எண் மட்டும் நின்றுவிட்டது. (இதே ஷெல்டன், நாணயக் கழகம் ஒன்றின் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு தன் மட்டமான காசுகளை அங்கே வைத்துவிட்டார் என்பது பின்னாளில் அம்பலமானது. தரம் பார்க்கத் தெரிந்த ஆள்தான்!)

தேய்மானம் மேட்டிலிருந்துதான் தொடங்கும். லிங்கனின் கன்ன எலும்பும் தாடையும் முகத்தின் மேடு. பின்பக்கத்தில் கதிர்களின் மேல் ஓடும் மெல்லிய இணைகோடுகள். பத்து மடங்கு லென்ஸில் முதலில் பார்ப்பது அந்தக் கோடுகளைத்தான். வருடமும் எழுத்தும் படிக்கும்படி இருந்து, கதிர் வெறும் நிழலாக நின்றால் 4. கோடுகளில் ஏறக்குறைய பாதி தெரிந்தால் 8, தேய்ந்தாலும் பெரும்பாலும் தெரிந்தால் 12. எல்லாம் கூர்மையாக இருந்து கன்னத்தில் மட்டும் லேசான தட்டை விழுந்திருந்தால் 40. அறுபதுக்கு மேல் தேய்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் 60-க்கும் 65-க்கும் என்ன வித்தியாசம்? கீறல், தட்டுப்பட்ட தழும்பு, அப்புறம் மினுமினுப்பு. காசு அடிக்கும்போது இரண்டு அச்சுகளுக்கு நடுவில் நசுங்கும் உலோகம் விளிம்பை நோக்கி நழுவி ஓடுகிறது. ஆயிரக்கணக்கில் அடிக்க அடிக்க, அந்த ஓட்டம் அச்சின் முகத்திலேயே நடுவிலிருந்து விரியும் நுண்கோடுகளைப் போட்டுவிடும். அடுத்து வரும் காசுகளில் அவை பதியும். வெறுங்கண்ணுக்குக் கோடு தெரியாது. விளக்கின் கீழே சாய்த்துச் சுழற்றினால் ஒளிப்பட்டை ஒன்று வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போலக் காசின் மேல் சுற்றி வரும். பக்கத்துத் தெருக்காரர் என் காசில் தேடியது இதைத்தான்.

காற்றுப் பட்ட செம்பு மெல்ல ஆக்சைடாகிப் பழுப்பாகும். அந்தப் பழுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு கிடையாது. மேல்தோலில் இருந்த செம்பே மாறியது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைக்கும்போது நுண்கோடுகளின் முகடும் கூடவே போகிறது. மிச்சத்தை என் கட்டைவிரல் பார்த்துக்கொண்டது. விளக்குக்கு இது நல்லது, காசுக்கு ஆகாது. அதனால்தான் தரம் பார்ப்பவர்கள் புதுக்காசின் நிறத்தையும் சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று தனியே குறிக்கிறார்கள். பிறந்த சிவப்புக்கே விலை அதிகம். தேய்த்து வரவழைத்த சிவப்புக்குக் கழுவியது என்ற முத்திரைதான், மதிப்பெண் கிடையாது.

விலை ஏறினால் போலியும் வரும். டென்வரில் 1914-ல் அடித்த காசு அரிது, 1944-ல் அடித்தது மலிவு. முதல் 4-ஐச் சுரண்டி 1 ஆக்கிவிடுவார்கள். ஆனால் 1918-ல் பிரென்னரின் எழுத்துகள் லிங்கனின் தோளடியில் திரும்பி வந்துவிட்டன. 1914 காசில் தோளடியில் வி.டி.பி. இருந்தால் குட்டு உடைந்தது. 1943-ல் போருக்காகச் செம்பை மிச்சம்பிடித்துத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள்; தவறிப்போய் வெண்கலத்தில் அடிபட்ட மிகச் சில காசுகளுக்குப் பெரும் விலை. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்பவர்களை ஒரு காந்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

தேய்மானக் கணக்கையே குழப்பும் காசு 1922-உடையது. அந்த வருடம் டென்வர் மட்டுமே சென்ட் அடித்தது, ஆகவே எல்லாவற்றிலும் 'டி' இருக்க வேண்டும். சிலவற்றில் இல்லை. தேய்ந்துபோன முன்பக்க அச்சுகளை வைத்தே ஓட்டியதில் எழுத்து மறைந்துவிட்டது. இதைச் சாக்காக வைத்து 'டி'யைச் சுரண்டி எடுப்பவர்களும் உண்டு. எனவே விவரம் தெரிந்தவர் உடனே காசைத் திருப்புவார். அதிகம் தேடப்படும் வகையில், அந்தக் கிழட்டு முன் அச்சுக்கு ஜோடியாகப் புது பின் அச்சைப் போட்டிருந்தார்கள். அதிகம் புழங்காத காசு என்றால், முன்னால் லிங்கன் பிறந்த அன்றைக்கே மங்கல். பின்னால் கதிரின் கோடுகளோ ஒன்று விடாமல் எண்ணும்படி நிற்கும்.